காற்றாலையைப் படம் பிடிக்கப் பழகுவோம்



எமது ஆலயத் தேர்த்திருவிழாவில் இப்போது கமரா இல்லாத கையைக் காண்பது அரிது. சிறு பிள்ளைகள்கூடக் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் நூறு படங்களில் இரண்டு தேறுவதே பெரும்பாடு. "படம் பிடிப்பதற்கு ஒரு பாடம் எழுதித் தாருங்கள்" என்று பெற்றோர் சிலர் கேட்டதன் பேரில் இக்கட்டுரையை எழுதுகிறேன். பழகுவதற்கு ஏற்ற பொருளாகக் காற்றாலையைத் தெரிந்தெடுத்துள்ளேன். நெதர்லாந்தில் வாழும் எமக்கு அது சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அது ஓடி ஒளியாது, கட்டணமும் கேட்காது. எத்தனை முறை பிழைவிட்டாலும் அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்கும்.

பாடத்துக்குப் போகுமுன் எனது பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. பிள்ளை இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். அழைப்பிதழில் பிள்ளையார் படத்தோடு எங்கள் ஊர்க் காற்றாலையின் படமும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். படம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காற்றில்லாத ஒரு காலைப் பொழுதில் வாய்க்கால் கரையில் நின்று எடுத்தேன். தண்ணீரில் ஆலையின் நிழல் அசையாமல் விழுந்திருந்தது. நானே மெச்சிக்கொண்ட படம் அது. 200 அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன.

முதல் அழைப்பிதழை அடுத்த வீட்டு ஒல்லாந்து அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "படம் நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் இறந்தது யார்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே நின்ற இறக்கை நேராக நிற்காமல் சற்றே இடப்புறம் சாய்ந்திருப்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அது துக்கத்தைத் தெரிவிக்கும் நிலையாம். அந்த ஆலையில் முன்பு வேலை செய்த முதியவர் ஒருவர் அந்த வாரந்தான் காலமானார் என்பதைப் பின்னர் அறிந்தேன். மங்கல காரியத்துக்கு அமங்கலச் சின்னத்தை அச்சிட்டுவிட்டேன்! 200 அழைப்பிதழ்களையும் ஒதுக்கிவிட்டு, வேறு படம் எடுத்து மீண்டும் அச்சிட்டோம். செலவு என்னுடையது. அன்று நான் கற்றது இதுதான்: காற்றாலையைப் படம் பிடிப்பவர் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், அடுத்து இறக்கையைப் பார்க்க வேண்டும், அதன் பின்னரே கமராவைக் கையில் எடுக்க வேண்டும். இனி வருவன எல்லாம் இந்த ஒரு வசனத்தின் விரிவே.

1. ஆலையை அறிந்துகொள்ளுங்கள்

காற்றாலை என்ற சொல்லை நாம் பழையதற்கும் புதியதற்கும் பொதுவாக வழங்குகிறோம். இப்பாடத்தில், மரத்தாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டு வேலை செய்த பழையதைக் காற்றாலை என்றும், மின்சாரம் தரும் வெண்ணிறக் கோபுரத்தைக் காற்றுச்சுழலி என்றும் பிரித்துச் சொல்வேன்.

பழைய ஆலைகள் எல்லாம் மா அரைத்தவை அல்ல. இந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே தேங்கும் நீரை இறைத்து ஆற்றுக்கு ஏற்றுவதே பல ஆலைகளின் தொழிலாக இருந்தது. எங்கள் ஊரில் துலா மிதித்துக் கிணற்றில் இருந்து தோட்டத்துக்கு நீர் இறைத்தோம். இவர்களோ தோட்டத்தில் இருந்து வெளியே இறைத்தார்கள். ஓர் ஆலை தன் சில்லினால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்துக்கே நீரை ஏற்ற முடியும். ஆகவேதான் பல ஆலைகளை அணியாக நிறுத்தினார்கள்.

இதைக் காணச் சிறந்த இடம் ரொட்டர்டாமுக்கு அண்மையில் உள்ள கின்டர்டைக். அங்கே 19 ஆலைகள் உள்ளன. 1738ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 8 ஆலைகள் வட்டமான செங்கற் கோபுரங்கள். 1740ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 8 ஆலைகள் எண்கோண வடிவில் புல் வேயப்பட்டவை. வாய்க்கால்களின் ஓரமாக அவை வரிசையாக நிற்கின்றன. 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. செங்கல் ஆலையையும் புல் வேய்ந்த ஆலையையும் வேறுவேறாகப் படம் பிடித்துப் பாருங்கள். செங்கல் மாலை வெயிலில் சிவக்கும். புல்லோ பக்கவெளிச்சத்தில் வருடிவிட்டாற்போலத் தன் இழைகளைக் காட்டும்.

அம்ஸ்ரர்டாமுக்கு வடக்கே சான் நதிக்கரையில் உள்ள சான்ஸ ஸ்கான்ஸ் ஆலைகள் வேறு வகை. மரம் அரிந்தவை, எண்ணெய் பிழிந்தவை, சாயப்பொருள் அரைத்தவை அவை. காற்றின் வலுவால் மரம் அரியும் முறைக்கு உய்ட்கேஸ்ட் ஊரவரான கோர்னெலிஸ் கோர்னெலிஸோன் என்பவர் 1590களில் உரிமம் பெற்றார். கப்பற் பலகைகளை விரைவாக அரிந்தெடுக்க அது வழிசெய்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் கப்பற் பலம் இந்த நதிக்கரையில் இருந்தும் புறப்பட்டது என்பதை எண்ணும்போது, இவ்வாலைகளை வெறும் அழகுப் பொருளாகப் பார்க்க மனம் வராது.

மூன்றாவது வகையை ஸ்கீடாம் நகரில் காணலாம். மதுபானத் தொழிலுக்குத் தானியம் அரைத்த ஆலைகள் அவை. சுற்றியிருந்த வீடுகளுக்கு மேலாகக் காற்றைப் பிடிக்க வேண்டியிருந்ததால் மிக உயரமாகக் கட்டினார்கள். அவற்றுள் டி நோர்ட் என்னும் ஆலையின் உடல் மட்டும் 33 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. வயல்வெளி ஆலை குள்ளம், நகர ஆலை நெட்டை. ஏன் என்று அறிந்தவர் எடுக்கும் படத்தில் அந்தக் காரணமும் சேர்ந்து விழும். ஸ்கீடாமில் வீட்டுக் கூரைகளை வெட்டிவிட்டு ஆலையை மட்டும் எடுக்காதீர்கள். கூரைகளே அதன் உயரத்துக்குச் சாட்சி.

2. காற்றின் திசையும் வெயிலும்

இது இப்பாடத்தின் முக்கியமான பகுதி. கோயிற் கோபுரம் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கும். காற்றாலை அப்படியல்ல. காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே தன் தலையைத் திருப்பும். ஆலைக்காரர் பின்புறத்து வால்மரத்தைச் சில்லின் உதவியால் இழுத்துத் தலையைத் திருப்புவார். நவீன சுழலி இயந்திரத்தால் தானே திரும்பிக்கொள்ளும். ஆகவே "இந்த ஆலைக்குக் காலை வெளிச்சம் நல்லதா, மாலை வெளிச்சம் நல்லதா?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அன்றைய காற்றைக் கேட்க வேண்டும்.

இந்நாட்டில் பெரும்பாலும் காற்று தென்மேற்கில் இருந்து வீசுகிறது. அந்நாட்களில் ஆலையின் முகம் தென்மேற்கைப் பார்க்கும். காலையில் சூரியன் அதன் முதுகுப் புறத்தில் இருப்பதால் முகம் இருண்டு போகும். பிற்பகலில் வெயில் முகத்தில் விழும், இறக்கையின் சட்டங்களும் அதில் விரித்த பாய்த்துணியும் தெளிவாகத் தெரியும். குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கிலேயே மறைவதால் மாலை நாலு மணி வெளிச்சம் நேராக ஆலையின் முகத்தில் விழும். கோடையில் சூரியன் வடமேற்கே சென்று மறைகிறது. அப்போது மிகவும் பிந்திய மாலையில் போனால் வெயில் ஆலையின் பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் போய்விடும். பிற்பகல் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே போவது நல்லது.

சில நாட்களில் கிழக்கில் இருந்து வறண்ட காற்று வீசும். குளிர்காலத்தில் அது காதை அறுக்கும், ஆனால் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அன்று ஆலைகள் எல்லாம் கிழக்கே முகம் காட்டும். அத்தகைய நாளில் காலையிலேயே புறப்பட வேண்டும்.

வீட்டை விட்டு இறங்குமுன் வானிலை அறிக்கையில் மழையை மட்டும் பார்ப்பது எமது வழக்கம். இனிமேல் காற்றின் திசையையும் பாருங்கள். ஒரு துண்டுத் தாளில் நாலு திசைகளையும் கீறி, காற்று வரும் பக்கத்தையும் வெயில் வரும் பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கரையில் நிற்பது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வெயில் ஆலையின் முதுகில் இருந்தாலும் படம் கெட்டுவிட்டது என்று திரும்பிவிட வேண்டாம். அப்போது கரிய உருவமாக எடுங்கள். இறக்கையின் சட்டங்கள் பன்னல் வேலைபோல வானத்தில் தெரியும். வெளிச்சத்தை வானத்துக்கு அளந்து எடுக்க வேண்டும். கைத்தொலைபேசி என்றால் திரையில் வானத்தின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுத்தால் போதும்.

3. சுழற்சியைப் படத்தில் கொண்டுவருதல்

சுழலும் ஆலையைப் படம் பிடித்துவிட்டு வீட்டில் பார்த்தால் அது நிற்பதுபோலத் தெரியும். செக்கனின் ஐந்நூறில் ஒரு பங்கு நேரமே கமராவின் கதவு திறந்து மூடுவதால் இறக்கை உறைந்துவிடுகிறது. காற்றே இல்லாத படம் அது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இந்நாட்டு ஆலைக்காரர்கள் வேகத்தைச் சுற்றுக் கணக்கில் சொல்வதில்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கைகள் கீழே கடந்து போகின்றன என்று எண்ணுவார்கள். நீங்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். அறுபது என்று வந்தால் செக்கனுக்கு ஓர் இறக்கை. நாலு இறக்கைகள் இருப்பதால் நிமிடத்துக்கு 15 சுற்று. அதாவது ஒரு செக்கனில் ஓர் இறக்கை கால் வட்டம் நகரும். ஷட்டர் நேரத்தை எட்டில் ஒரு செக்கன் என்று வைத்தால் அந்தக் கால் வட்டத்தின் எட்டில் ஒரு பங்கு தூரத்துக்கு இறக்கை இழுபட்டுத் தெரியும். ஆலையின் உடல் கூர்மையாகவும் இறக்கை மெல்லிய துணிபோலவும் வரும். பதினைந்தில் ஒரு செக்கன் என்றால் இழுபாடு குறைவு. அரைச் செக்கன் என்றால் இறக்கை புகையாகிவிடும். மூன்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டில் ஒன்றுக்கும் பதினைந்தில் ஒன்றுக்கும் இடைப்பட்டதே எனக்குப் பிடித்தது.

இதற்கு முக்காலி அவசியம். இல்லாவிட்டால் வேலித் தூணிலோ பாலத்துக் கைபிடியிலோ கமராவை அழுத்தி வையுங்கள். நடுப்பகலில் இவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். ஐ.எஸ்.ஓ. எண்ணை மிகக் குறைவாகவும் துவாரத்தைச் சிறிதாகவும் வைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் கரிய வடிகண்ணாடியை வில்லைக்கு முன்னால் போட வேண்டும். முகில் மூடிய நாட்களும் அந்தி வேளையும் இப்பயிற்சிக்கு மிகப் பொருத்தம். பல கைத்தொலைபேசிகளிலும் நீண்ட நேரப் பதிவு வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இந்நாட்டுப் பழைய ஆலைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. நவீன சுழலிகள் கடிகார முள்ளின் திசையில் சுழல்கின்றன. படத்தைக் கணினியில் இடம்வலமாகப் புரட்டிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது. எங்கள் கண்ணுக்குத் தப்பினாலும் இவ்வூரவர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. காற்றில்லாத நாளும் இறக்கையின் மொழியும்

காற்று அடங்கிய நாளில் தண்ணீர் கண்ணாடி ஆகிவிடும். நீரில் விழும் பிம்பத்தை எடுக்கக் கமராவை முழங்கால் அளவுக்குத் தாழ்த்துங்கள். ஆலையின் காலடியையும் பிம்பத்தின் காலடியையும் நாணற் புல் மறைத்துவிடாமல் இருபுறமும் நடந்து இடம் தேடுங்கள். விடிந்த கையோடு புற்றரையில் தவழும் பனிமூட்டம் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் நான் வழுக்கி விழுந்த இடமும் இதுதான். ஆலை நிற்கும்போது அது ஏதோ ஓர் நிலையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த நிலைக்குப் பொருள் உண்டு. தொலைபேசி இல்லாத காலத்தில் தட்டையான இந்நாட்டில் பல மைல் தூரத்துக்குச் செய்தி சொன்னவை இந்த இறக்கைகளே.

இறக்கைகள் கூட்டல் அடையாளம்போல நேராக நின்றால் ஆலை சிறிது நேரம் ஓய்ந்திருக்கிறது, விரைவில் மீண்டும் ஓடும். பெருக்கல் அடையாளம்போலக் குறுக்காக நின்றால் நீண்ட ஓய்வு. மேலே ஏறும் இறக்கை உச்சியை அடையச் சற்று முன்பாக நிறுத்தப்பட்டிருந்தால் அது மகிழ்ச்சி. திருமணம், பிள்ளைப்பேறு முதலியவற்றுக்கு அவ்வாறு நிறுத்துவார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது மேல் இறக்கை சிறிது வலப்புறம் சாய்ந்து தெரியும். வரப்போகும் நன்மையை அது குறிக்கிறது என்பார்கள். உச்சியைத் தாண்டிச் சற்று இடப்புறம் சாய்ந்து நின்றால் அது துக்கம். போய்விட்டதைக் குறிக்கும். இவ்வழக்கம் ஊருக்கு ஊர் சற்று மாறுபடலாம். ஆகவே ஐயம் இருந்தால் ஆலைக்காரரிடம் கேட்டுவிடுவதே முறை.

இது வழக்கொழிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2014 யூலை மாதத்தில் அம்ஸ்ரர்டாமில் இருந்து புறப்பட்ட மலேசிய விமானம் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டவர். முதல் உடல்கள் வந்திறங்கிய யூலை 23ஆம் திகதி தேசிய துக்க நாளாக அறிவிக்கப்பட்டது. அன்று நாடெங்கும் காற்றாலைகள் துக்க நிலையில் நின்றன. ஒரே கோணத்தில் சாய்ந்த இறக்கைகளை ஊர் ஊராகப் படம் பிடித்தவர்கள் ஒரு நாட்டின் துயரத்தையே படம் பிடித்தார்கள்.

5. நிலமும் வானமும்

இங்கே மலை இல்லை. உயரமான மரமும் குறைவு. ஆகவே பெரும்பாலானோர் ஆலையைப் படத்தின் நட்ட நடுவில் வைத்து, நிலம் பாதி, வானம் பாதி என்று எடுத்துவிடுகிறார்கள். படம் இரண்டாகப் பிளந்து போகிறது.

ஓவியர்களிடம் இதற்கு விடை உண்டு. யாக்கோப் வான் ரைஸ்டால் 1670ஆம் ஆண்டளவில் வரைந்த வெய்க் பை டூர்ஸ்டேட காற்றாலை ஓவியம் அம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகும்போது பத்து நிமிடம் அதன் முன் நில்லுங்கள். தொடுவானத்தைத் தாழ்வாக வைத்து, படத்தின் பெரும்பகுதியை வானத்துக்கும் கனத்த முகில்களுக்கும் கொடுத்திருக்கிறார். ஆலை நடுவில் இல்லை, வலப்புறம் ஒதுங்கி நிற்கிறது. கீழே சிறியதாகப் பெண்கள் மூவர் நடக்கிறார்கள். அவர்களைக் கண்ட பிறகுதான் ஆலையின் பருமன் எமக்கு உறைக்கிறது.

இதில் மூன்று விதிகளைக் கற்கலாம். ஒன்று, வானம் நன்றாக இருந்தால் தொடுவானத்தைக் கீழே இறக்குங்கள். வானம் வெறுமையாக இருந்தால் மேலே ஏற்றி, வாய்க்காலையும் பாதையையும் காட்டுங்கள். இரண்டு, ஆலையை ஓரமாக வைத்து, அது பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். காற்று வருவதற்கு வழி வேண்டும் அல்லவா? மூன்று, அளவு காட்ட ஒரு மனிதரையோ பசுவையோ சைக்கிளையோ சேருங்கள்.

அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் ஆலை பின்னால் விழப்போவதுபோலச் சரியும். அணைக்கட்டின் மேல் ஏறி, தூரப் போய், கமராவை நேராகப் பிடித்தால் இக்குறை நீங்கும். கின்டர்டைக்கில் வரிசை ஆலைகளை எடுக்கத் தூர வில்லை உதவும். தூரத்தில் இருந்து இழுத்து எடுத்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நெருங்கி வந்து நிற்கும்.

6. நவீன காற்றுச்சுழலிகள்

சுழலி அழகில்லை என்று ஒதுக்குவோர் பலர். எமது பிள்ளைகளின் பிள்ளைகள் இவற்றையும் பழம்பொருளாகப் பார்க்கும் காலம் வரலாம். ஆகவே இவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.

பிளேவோலாந்து மாகாணத்தில் உள்ள உர்க், ஒரு காலத்தில் கடல் சூழ்ந்த மீன்பிடித் தீவு. 1939இல் அணைக்கட்டின் மூலம் நிலத்துடன் இணைக்கப்பட்டது. அதன் அருகே 86 சுழலிகள் கொண்ட காற்றுப்பண்ணை நிற்கிறது. அதில் 48 சுழலிகள் ஐசல் ஏரி நீருக்குள்ளேயே நிற்கின்றன. கரையில் உள்ள 38 சுழலிகள் இறக்கை நுனி வரை 198 மீற்றர் உயரம். தங்கள் ஊரின் தோற்றம் கெட்டுவிடும் என்று உர்க் மக்கள் பலர் இத்திட்டத்தை எதிர்த்தார்கள். ஆகவே துறைமுகத்தில் நின்று, முன்னே மீன்பிடி வள்ளங்களும் பழைய வீடுகளும், பின்னே சுழலிகளுமாக எடுத்தால், அப்படம் அந்த விவாதத்தையும் சேர்த்துச் சொல்லும். எக்மண்ட் கடற்கரையில் நின்றால் 2006ஆம் ஆண்டு கடலுக்குள் கட்டப்பட்ட 36 சுழலிகள் தெளிந்த நாளில் தொடுவானத்தில் ஊசிகள்போலத் தெரியும். சூரியன் கடலில் விழும் நேரம் தூர வில்லையோடு அங்கே போய்ப் பாருங்கள்.

சுழலி வெள்ளை. வெள்ளை முகிலுக்கு முன் எடுத்தால் மறைந்துவிடும். மழை வருமுன் வானம் கறுத்து, எங்கோ ஒரு கிழிசலால் வெயில் விழும் நேரத்தில் அது பளிச்சென்று மின்னும். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்.

சுழலி மெதுவாகச் சுற்றுவதுபோலத் தெரிவது கண்ணின் மயக்கம். உர்க் கரையில் உள்ள பெரிய சுழலியின் இறக்கை வட்டம் 127 மீற்றர் விட்டம் உடையது. ஒரு சுற்றுக்கு ஐந்து செக்கன் என்று கொண்டால், நுனி ஐந்து செக்கனில் ஏறத்தாழ 400 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 280 கிலோமீற்றருக்கும் மேல்! ஆனாலும் கோணக் கணக்கில் பழைய ஆலையை விட மெதுவாகவே திரும்புவதால், அசைவைக் காட்டக் காலில் ஒரு செக்கன் வரை திறந்து வைக்க வேண்டும்.

பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் சேர்க்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு: 30 மீற்றர் ஆலை 100 மீற்றர் தூரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாகவே 200 மீற்றர் சுழலி ஏறத்தாழ 670 மீற்றர் தூரத்தில் தெரியும். ஆலையை நோக்கி நடந்தால் ஆலை வளரும், பின்வாங்கினால் சுழலி ஓங்கும். யார் பெரியவர் என்பதைக் காலால் நடந்து நீங்களே தீர்மானிக்கலாம்.

விடுமுறைக்குத் தாயகம் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. 2020 திசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றுப்பண்ணையின் 30 சுழலிகள் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கின்றன. பனைமரத்தையும் சுழலியையும் ஒரே படத்தில் காணும் இடம் அது. அங்கும் தென்மேற்குப் பருவக்காற்றில் முகம் தென்மேற்கே இருக்கும். ஆகவே பிற்பகல் வெளிச்சமே பொருந்தும். பறவைகள் வலசை வரும் நிலம் அது, மீனவர் வாழும் கரை அது. ஊரவரோடு பேசி, அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

7. கவனமும் மரியாதையும்

பல ஆலைகளின் இறக்கைகள் நிலத்துக்கு மிக அண்மையாகச் சுழல்கின்றன. 28 மீற்றர் வட்டமுள்ள இறக்கை நிமிடத்துக்கு 15 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும். அது காரில் மோதுவதற்குச் சமம். கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்கவும் வேண்டாம், பின்னால் வாய்க்கால் இருக்கும்.

சில ஆலைகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்கள் காயப்போட்ட துணியைக் கேளாமல் எடுப்பது நாகரிகம் அல்ல. சுழலும் ஆலையில் நீலக் கொடி பறந்தால் உள்ளே வரலாம் என்று பொருள். ஆலையை இயக்குவோரில் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். காற்றாலை இயக்கும் கைவினையை 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வணக்கம் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிறகு அவரே உங்களை மேலே அழைத்துப்போய்ப் பற்சில்லுகளைக் காட்டுவார். மே மாதத்து இரண்டாம் வார இறுதியில் வரும் தேசிய ஆலை நாளில் நூற்றுக்கணக்கான ஆலைகள் திறந்திருக்கும்.

எனது கதையின் மீதியையும் சொல்லி முடிக்கிறேன். மூன்று ஆண்டுகளின் பின் அந்த அடுத்த வீட்டு அம்மையார் காலமானார். சிறுமியாக அவர் மா வாங்கப் போன ஆலை அது என்பதால், அவரது மகள் கேட்டுக்கொண்டபடி ஆலைக்காரர் இறக்கையை இடப்புறம் சாய்த்து நிறுத்தினார். நானும் போனேன். அன்று கிழக்குக் காற்று. காலை வெயில் ஆலையின் முகத்தில் இருந்தது. ஒரே ஒரு படம் எடுத்து மகளிடம் கொடுத்தேன். முன்பு தவறாக எடுத்த அதே நிலை, அதே வாய்க்கால் கரை. இம்முறை அதன் பொருள் தெரிந்து எடுத்தேன். அவர் அதைத் தாயாரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பயிற்சி

மாணவர்கள் தம் ஊருக்கு அண்மையில் உள்ள ஒரு காற்றாலையையோ சுழலியையோ தெரிந்தெடுத்து, பின்வரும் நாலு படங்களை எடுத்து வரவும்.

ஒன்று: முகத்தில் வெயில் விழும் வேளையில் ஒன்று. அன்றைய காற்றின் திசையையும் நேரத்தையும் படத்தின் பின்னால் எழுதவும்.
இரண்டு: இறக்கையின் அசைவு தெரிய ஒன்று. ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கை எண்ணினீர்கள் என்பதையும் எழுதவும்.
மூன்று: காற்றில்லாத நாளில் ஒன்று. இறக்கை எந்த நிலையில் நிற்கிறது, அதன் பொருள் என்ன என்பதைத் தமிழிலும் டச்சிலும் இரண்டு வரியில் எழுதவும்.
நாலு: ஆலையோடு தொடர்புடைய மனிதர் ஒருவரின் படம். அவரது அனுமதி பெற்று எடுக்கவும்.

படங்களைச் சனிக்கிழமை வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். பெற்றோரும் பங்குபற்றலாம், வயதெல்லை இல்லை. தேறிய படங்களை ஆலய மண்டபத்தில் காட்சிக்கு வைப்போம்.

ஆலைக்கு முன்னால் போய் நின்றதும் கமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். காற்று எந்தப் பக்கம், இறக்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்தால், ஒரு படமே போதும்.